ஊசலுக்கு ஊழியம்

காரீயக் குண்டு ஒன்றை மெல்லிய கம்பியிலே கட்டி, வீட்டு உத்தரத்தில் அறைந்த ஆணியிலிருந்து தொங்கவிட்டு, ஆணிக்கும் குண்டின் நடுவுக்கும் இடையே 99 சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகமாக இருக்கும்படி அளவு பார்த்து முடிச்சிட்டு, அதை ஒரு விரல் தூரம் ஒருபுறமாக ஒதுக்கி மெல்ல விட்டுவிட்டால், அது ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் செல்ல ஒரு விநாடி எடுத்துக்கொள்கிறது. குண்டு பெரியதோ சிறியதோ, காரீயமோ இரும்போ, அந்த விநாடி மாறுவதில்லை. கடிகாரத்தில் காலம் அறிந்த உறுப்பு இது ஒன்றே. பற்சக்கரங்களும், எடைக்கட்டியும், முட்களும், முகப்பும் ஆகிய மற்ற யாவும் இந்த ஊசலுக்கு இரண்டே இரண்டு ஊழியங்களைச் செய்வதற்காக ஏற்பட்டவை: காற்றின் தடையால் அது இழக்கும் வேகத்தை ஒவ்வொரு வீச்சிலும் கொஞ்சமாக ஈடு செய்வது ஒன்று, அதன் வீச்சுகளை எண்ணிக் கணக்கெழுதுவது மற்றொன்று. எஜமானனுக்கு இடைஞ்சலின்றி இந்த இரண்டையும் செய்து முடிப்பது எப்படி என்பதுதான், கடிகார சாஸ்திரத்தில் 300 ஆண்டுகளுக்கு மேலாக மனிதர் ஆராய்ந்து வந்திருக்கும் பிரச்சினை. வீட்டுத் திண்ணையிலே சிறு லேத்தும் வைஸும் வைத்துக்கொண்டு கடிகாரம் செய்யப் புகுந்தவனுக்கும் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரையில் அதுவே பிரச்சினையாக நிற்கிறது என்பதை நான் அனுபவத்தில் கண்டவன்.

ஊசலின் நீளத்தை அளக்கும்போதே ஒரு விசேஷம் எதிர்ப்படுகிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கடிகார நூல்கள் விநாடி ஊசலுக்குச் சொல்லும் நீளம் 994 மில்லிமீட்டர். அது லண்டனுக்கு உரிய அளவு. சென்னையில் அதே விநாடிக்கு 991 மில்லிமீட்டரே போதும். பூமி துருவங்களில் சற்றே தட்டையாகவும் பூமத்திய ரேகையின் ஓரத்தில் சற்றே பருத்தும் இருப்பதாலும், அந்த ரேகைக்கு அருகே பூமியின் சுழற்சி வேகம் அதிகமாதலாலும், நம்முடைய பிரதேசத்தில் பொருள்களைக் கீழே இழுக்கும் ஆகர்ஷணம் கொஞ்சம் குறைவு. இழுப்புக் குறைந்தால் ஊசல் மெதுவாக ஆடும். அந்த மந்தத்தைச் சரிக்கட்ட அதைக் குறுக்க வேண்டும். லண்டனில் விநாடி பிசகாமல் ஓடிய கடிகாரத்தை அப்படியே கொண்டுவந்து சென்னையில் மாட்டினால், அது நாளொன்றுக்கு இரண்டு நிமிஷத்துக்கு மேல் பின்தங்கிவிடும். 1672-ல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தார் தென் அமெரிக்காவிலுள்ள கயேன் என்ற இடத்துக்கு அனுப்பிய ழான் ரிஷே என்பவர் முதன்முதலில் இதைக் கண்டார். பாரிஸில் திருத்தமாக ஓடிய அவருடைய ஊசல் கடிகாரம் அங்கே தினமும் சுமார் 2½ நிமிஷம் பின்தங்கியது. பூமி துருவங்களில் தட்டையானது என்று நியூட்டன் நிறுவியபோது எடுத்துக் காட்டிய பிரமாணங்களில் இந்தச் சிறு பின்னடைவும் ஒன்று. சென்னை வானியல் ஆய்வகத்தில் கோல்டிங்ஹாம் என்ற வானநூலார் 1821-ல் இந்த நகரத்துக்குரிய விநாடி ஊசலின் நீளத்தை மிகுந்த சிரத்தையோடு அளந்தார். அந்த ஆய்வகத்தில் நேரம் காட்டிய, லண்டன் கைவினைஞர் ஜான் ஷெல்டன் செய்த கடிகாரம், இன்றும் கொடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்தில் இருக்கிறது. வீட்டில் கடிகாரம் செய்கிறவர்கள் வேறொரு தேசத்துப் படத்தை வைத்துக்கொண்டு வேலை செய்தாலும், ஊசலின் நீளத்தை மட்டும் தம் ஊருக்கு ஏற்பக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். பூமி அந்த எண்ணை ஊருக்கு ஊர் வேறாகத்தான் கொடுத்திருக்கிறது.

கண்பார்வை இழந்த முதுமையிலே, 1641-ல், கலிலியோ ஊசலால் ஓடும் கடிகாரம் ஒன்றைத் தம் மனத்தில் கண்டு மகன் வின்சென்ஸோவுக்கு விவரித்தார். அது நிறைவேறுமுன் அவரும் மறைந்தார், சில ஆண்டுகளில் மகனும் மறைந்தார். 1656-ஆம் ஆண்டின் கடைசி வாரத்தில் ஹாலந்து தேசத்து ஹைகன்ஸ் அதைத் தாமாகவே கண்டுபிடித்துச் செய்து முடித்தார். அதுவரை நாளொன்றுக்குக் கால்மணி நேரம் பிசகிக்கொண்டிருந்த கடிகாரங்கள், அதன்பின் கால் நிமிஷத்துக்குள் அடங்கின. கருவிகளின் சரித்திரத்தில் ஒரே தாவலில் இவ்வளவு தூரம் கடந்தவை மிகச் சிலவே.

இனிப் பட்டறைக்கு வருவோம். வேண்டிய பொருள்கள் அதிகமில்லை. மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள பித்தளைத் தகடு, அச்சுகளுக்கு நல்ல எஃகுக் கம்பி, ஊசல் தொங்குவதற்குக் காகிதம்போல் மெல்லிய எஃகு நாடா, குண்டுக்குக் காரீயம், இவை பெரும்பாலும் காயலான் கடையிலேயே கிடைத்துவிடும். காரீயத்தைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. நம் வீட்டு ரசம் மணக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். இது வேறு, இதன் புகை உடலுக்கு விஷம், ஆகையால் திறந்த வெளியிலேதான் உருக்க வேண்டும். உருகிய காரீயத்தை ஊற்றும் அச்சில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் அது க்ஷணத்தில் ஆவியாகிக் காரீயத்தை முகத்தில் வாரி அடிக்கும். அச்சை முதல்நாளே வெயிலில் வைத்து, பிறகு அடுப்பிலும் காட்டி, ஈரம் அறவே போயிற்று என்று தெரிந்துகொண்ட பிறகே ஊற்ற வேண்டும். என் ஊசலின் குண்டு 6 கிலோ.

சக்கரங்களின் கணக்கு மிக அழகானது. விட்டுப்பிடிக்கும் சக்கரத்துக்கு 30 பற்கள். ஊசல் போய்த் திரும்பும் இரண்டு விநாடிக்கு ஒரு பல் வீதம் அது நகர்வதால், ஒரு முழுச் சுற்றுக்கு 60 விநாடி ஆகிறது. அதன் அச்சிலேயே ஒரு முள்ளைச் செருகினால் அது விநாடி முள். நிமிஷ முள்ளைத் தாங்கும் நடுச்சக்கரமோ மணிக்கு ஒரு முறைதான் சுற்ற வேண்டும். ஆகவே இவ்விரண்டுக்கும் இடையே அறுபது மடங்கு வித்தியாசம் வேண்டும். நடுச்சக்கரத்துக்கு 64 பல், அதோடு இணையும் பினியன் என்ற சிறு பற்சக்கரத்துக்கு 8. அடுத்த சக்கரத்துக்கு 60 பல், அதோடு இணையும் பினியனுக்கும் 8. எட்டு மடங்கும் ஏழரை மடங்கும் பெருக அறுபது. எடை தொங்கும் பெருஞ்சக்கரத்துக்கு 96 பல் வைத்து நடு அச்சிலே 8 பல் பினியன் வைத்தால், அது பன்னிரண்டு மணிக்கு ஒரு முறை சுற்றும். கயிறு சுற்றிய உருளையில் பதினாறு சுற்று இருந்தால் எட்டு நாளைக்குச் சாவி கொடுக்க வேண்டியதில்லை.

இந்த எண்களை நான் விரும்பி எடுத்துக்கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. 64 என்பது வட்டத்தை ஆறு முறை பாதி பாதியாக்கினால் வந்துவிடுவது. காம்பஸ் ஒன்று போதும். விலை உயர்ந்த பிரிப்புத் தட்டு இல்லாத திண்ணைப் பட்டறையில், 40 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒட்டுப்பலகை வட்டம் ஒன்றை அறுத்து, அதன் ஓரத்திலே 64 கோடுகளைப் பிரித்து, லேத்தின் பின்பக்க அச்சிலே மாட்டிவிட்டேன். பெரிய வட்டத்தின் ஓரத்திலே அரை மில்லிமீட்டர் பிசகு நேர்ந்தாலும், ஆறில் ஒரு பங்கு ஆரமே உள்ள சிறு சக்கரத்தில் அது ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. பெரிதாக அளந்து சிறிதாக வெட்டுவதில் இந்த லாபம் இருக்கிறது. பற்களுக்கு இடையே உள்ள பள்ளத்தின் உருவத்தில் அரத்தால் இழைத்துக் கூராக்கிய ஒற்றைப் பல் கத்தியொன்று மோட்டாரிலே சுழல, அதைப் பித்தளை விளிம்பின்மேல் நகர்த்தினேன். கத்தி தொட்டதும் ஊசிமுனை போன்ற பொன்னிறத் துகள்கள் சட்டைக் கையெங்கும் தெறித்தன. ஒரு பள்ளம் முடிந்ததும் மோட்டாரை நிறுத்தி, பலகையைக் கோட்டுக்குக் கோடு திருப்பி, முளையைச் செருகி, சாக்கட்டியால் அந்தக் கோட்டின்மேல் ஒரு புள்ளி வைத்துவிட்டு, மறுபடியும் ஓட்டினேன். அந்தப் புள்ளி இல்லையென்றால் நாற்பதாவது பல்லுக்குமேல் எண்ணிக்கை மனத்தில் நிற்பதில்லை. கடைசிப் பள்ளம் முதற் பள்ளத்தின் விளிம்போடு கச்சிதமாக வந்து சேர்ந்தபோது, கையிலிருந்த பித்தளை வட்டம் சக்கரமாகிவிட்டது. எட்டுப் பல் பினியன்களைக் கட்டியாக வெட்டாமல், இரண்டு சிறு பித்தளை வில்லைகளுக்கு நடுவே எட்டு எஃகுக் கம்பிகளைச் செருகி, விளக்குக் கூண்டுபோல் அமைத்துவிட்டேன். செய்வதற்கு இதைவிட எளிய பினியன் இல்லை, இதன்மேல் சிறு தூசி விழுந்தாலும் கம்பிகளுக்கிடையே கீழே உதிர்ந்துவிடும்.

விட்டுப்பிடிக்கும் சக்கரம் என்று மேலே சொன்னேன். எஸ்கேப்மென்ட் என்று கடிகாரத் தொழிலாளர் வழங்கும் அமைப்புக்கு, தமிழில் நம் எல்லோர் வாயிலும் புழங்கும் ‘விட்டுப் பிடித்தல்’ என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. எடை சக்கரங்களை இழுக்கிறது. தடையின்றி விட்டால் அவை சில விநாடிகளில் கரகரவென்று சுழன்று எடை தரையைத் தொட்டுவிடும். நங்கூரம் போன்ற வடிவுள்ள ஓர் எஃகுத் துண்டு, ஊசலோடு சேர்ந்து இப்புறமும் அப்புறமும் அசைந்து, தன் இரு கரங்களால் மாறி மாறிப் பற்களைப் பிடிப்பதும் விடுவதுமாக இருக்கிறது. விடும் அந்தக் கணத்திலே, தப்பி ஓடும் பல் கரத்தின் சாய்தளத்தை உராய்ந்து, ஊசலுக்கு ஓர் இலேசான உந்தலைக் கொடுத்துவிட்டுப் போகிறது. நாம் கேட்கும் டிக் டிக் சப்தம், பிடிபட்ட பல் கரத்தில் மோதும் சப்தமே.

கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பவரை ஆட்டிவிடும் குழந்தையைக் கவனித்தவர்களுக்கு, உந்தும் நேரம் எவ்வளவு முக்கியம் என்பது தெரியும். ஊசல் நடுவே பாய்ந்து செல்லும் கணத்தில் கொடுக்கும் உந்தல் அதன் வீச்சைத்தான் வளர்க்கும், அதன் கால அளவைக் கலைக்காது. கோடியிலே அது நின்று திரும்பும் வேளையில் கை வைத்தாலோ, நேரமே கெட்டுப்போகும். பழைய நங்கூர அமைப்பில் கரத்தின் முகம் வளைந்த விதத்தால், ஊசல் கோடிக்குப் போகும்போது சக்கரம் சற்றுப் பின்னோக்கித் தள்ளப்பட்டது. விநாடி முள் ஒவ்வொரு துடிப்பிலும் பின்வாங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். லண்டனில் ஜார்ஜ் கிரஹாம் 1715-ஐ ஒட்டி, கரத்தின் பிடிக்கும் முகத்தை நங்கூர அச்சையே மையமாகக் கொண்ட வட்டத்தின் பகுதியாக இழைத்தார். அதன்பின் பல் அதன்மேல் அசையாமல் ஓய்ந்து நிற்கிறது. ஊசல் கோடிக்குப் போய்த் திரும்பும் வரையில் யாரும் அதைச் சீண்டுவதில்லை. என் கடிகாரத்துக்கு நான் எடுத்துக்கொண்டதும் இதுவே. நங்கூரத்தை அறுத்து, அரம் போட்டு, கொல்லர் அரிவாளைத் தோய்ப்பதுபோலச் செக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, மறுபடி வைக்கோல் நிறம் வருமளவுக்கு இளஞ்சூடு காட்டி, எமரிக் காகிதத்தால் முகம் தெரியுமளவுக்குப் பளபளப்பாக்க எனக்கு ஒன்பது நாள் சென்றன. ஒன்பது நாளும் வீண்போகவில்லை; இங்கே ஒரு சொரசொரப்பு இருந்தாலும் ஊசல்தான் அதற்குக் கப்பம் கட்டும்.

இத்தனை சக்கரங்களையும் ஓட்டும் சக்தி எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. மூன்று கிலோ எடை எட்டு நாளில் 1.2 மீட்டர் இறங்குகிறது. அதை விநாடிக்கணக்கில் பகிர்ந்தால், ஒரு கிராம் எடையை ஐந்து மில்லிமீட்டர் உயரம் தூக்குவதற்கு வேண்டிய சக்திதான் ஒரு விநாடிக்குக் கிடைக்கிறது. அதிலும் ஒரு பகுதி அச்சுமுனைகளின் உராய்வில் போய்விட, எஞ்சியதே ஊசலைச் சேர்கிறது. இவ்வளவு அற்பமான சக்தியிலே ஓடும் யந்திரத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் எவ்வளவு பெரிய பகை என்பது சொல்லாமலே விளங்கும். அச்சுமுனைகளுக்கும் நங்கூரத்தின் கரங்களுக்கும் நல்ல கடிகார எண்ணெய் ஊசிமுனையளவு. சக்கரப் பற்களுக்கு ஒரு துளியும் கூடாது. வீட்டிலிருக்கும் தேங்காயெண்ணெயை விடுகிறவர்கள் மார்கழிக் காலையில் அது உறைந்து கடிகாரம் நிற்பதைக் காண்பார்கள்.

எல்லாவற்றையும் பூட்டி, எடையைத் தொங்கவிட்டு, ஊசலை ஆட்டிவிட்டேன். கடிகாரம் ஓடியது; பத்து நிமிஷத்தில் நின்றது. மறுபடி ஆட்டினேன், மறுபடி நின்றது. எங்கள் தெருவில் நாற்பது வருஷம் கடிகாரம் பழுதுபார்த்த முதியவர் ஒருவரை அழைத்துவந்தேன். அவர் யந்திரத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“கெடியாரம் நொண்டுது தம்பி. காதை வச்சுக் கேளு.”

கேட்டேன். டிக்குக்கும் அடுத்த டாக்குக்கும் நடுவே ஓர் இடைவெளி நீண்டும், அடுத்தது குறுகியும் இருந்தன. நொண்டிக்கொண்டு நடப்பவனின் காலடி போலத்தான் இருந்தது. நங்கூரத்திலிருந்து இறங்கி ஊசலைத் தழுவும் கவைக்கம்பி ஒருபுறம் சாய்ந்திருந்ததால், ஒரு பக்கத்து உந்தல் சீக்கிரமாகவும் மறுபக்கத்து உந்தல் தாமதமாகவும் வந்துகொண்டிருந்தது. அவர் கவைக்கம்பியைக் கட்டைவிரலால் ஒரு மயிரிழை வளைத்தார். பிறகு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு இடைவெளிகளும் சமமாகி, தாளம் கூடியது. எந்த அளவுகோலாலும் அந்த நிமிஷத்தில் அவ்வளவு விரைவாக அதைச் சரி செய்திருக்க முடியாது.

இருந்தும் நாளுக்கு ஓரிரு தடவை நின்றுபோயிற்று. இம்முறை காது உதவவில்லை, கணக்கு உதவியது. நிற்கும்போதெல்லாம் நிமிஷ முள் காட்டிய இடத்தைக் குறித்துவந்தேன்: 11½, 26½, 49, 4. இவற்றுக்கிடையே உள்ள வித்தியாசங்கள் 15, 22½, 15. எல்லாம் ஏழரையின் மடங்குகள். நடுச்சக்கரம் மணிக்கு ஒரு சுற்றுச் சுற்ற, அதனால் எட்டு மடங்கு வேகத்தில் ஓடும் அடுத்த அச்சு ஏழரை நிமிஷத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றுகிறது. குற்றம் அந்த அச்சில்தான் இருக்க வேண்டும், மற்ற எதிலும் இருக்க முடியாது. பிரித்துப் பார்த்தபோது, அதிலுள்ள 60 பல் சக்கரத்தில் ஒரே ஒரு பல்லின் ஓரத்தில், வெட்டும்போது ஒட்டிக்கொண்டுவிட்ட நகக்கண் அளவுப் பிசிறு இருந்தது. அதை அரத்தின் ஒரு தடவலால் நீக்கினேன். பற்களின் எண்ணிக்கையே நோயாளியின் நாடிபோல் நின்று குற்றமிருக்கும் இடத்தைச் சொல்லிற்று. இதைப்போல என்னைக் கணிதத்தின்பால் நன்றியுணர்வு கொள்ளச் செய்த சந்தர்ப்பம் வேறு நினைவுக்கு வரவில்லை.

அதற்குப் பிறகும் ஒன்று மிச்சமிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சாவி கொடுப்பேன்; வாரமெல்லாம் நன்றாக ஓடும்; வெள்ளிக்கிழமை வந்தால் ஊசலின் வீச்சு குறைந்து, சில வாரங்களில் நின்றே போகும். எடைக்கட்டி நாளொன்றுக்குப் பதினைந்து சென்டிமீட்டர் இறங்குகிறதல்லவா? வெள்ளிக்கிழமை அது ஏறக்குறைய ஊசல் நீளத்துக்கே இறங்கியிருந்தது. அதே நீளம் கொண்டுவிட்ட படியால் அதுவும் ஒரு விநாடி ஊசலாகிவிட்டது. நான் கடிகாரத்தை ஒரு மரச் சட்டத்தில் நிறுத்தியிருந்தேன். ஊசல் ஆடும்போது சட்டமும் கண்ணுக்குத் தெரியாமல் ஆட, அந்த ஆட்டம் எடைக்கட்டிக்குப் போய், ஊசலின் சக்தியைத் திருடி எடைக்கட்டி மெல்ல அசையத் தொடங்கியிருந்தது. 1665-ல் ஹைகன்ஸ் நோய்ப்படுக்கையில் கிடந்தபோது, ஒரே கட்டையில் தொங்கிய இரண்டு கடிகாரங்களின் ஊசல்கள் எப்படி ஆட்டிவிட்டாலும் சற்று நேரத்தில் ஒன்றுக்கொன்று எதிராக, விலகாத ஒழுங்கோடு ஆடக் கண்டு வியந்ததும் இதே காரணத்தால்தான். சட்டத்தை எறிந்துவிட்டு, கடிகாரத்தைச் செங்கற்சுவரில் நீண்ட போல்ட்டுகளால் இறுக்கினேன். வெள்ளிக்கிழமையின் தொல்லை நீங்கிற்று.

ஓடுவது வேறு, நேரம் காட்டுவது வேறு. குண்டின் அடியில் உள்ள திருகு மரையின் புரி ஒரு மில்லிமீட்டர். அதை ஒரு முழுச் சுற்றுத் திருகிக் குண்டை உயர்த்தினால் நாளொன்றுக்குச் சுமார் 44 விநாடி முந்தும். ஆகவே மரையின் விளிம்பை நாற்பத்துநான்கு பாகமாகக் குறித்துக்கொண்டால், ஒரு குறி ஒரு விநாடி. இவ்வளவு எளிதா என்று தோன்றும். ஆனால் ஊசல் பெரிய வீச்சாக ஆடும்போது சற்றே மெதுவாகவும், சிறிய வீச்சாக ஆடும்போது சற்றே வேகமாகவும் ஆடுகிறது. நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு இரண்டு டிகிரி வீச்சில் நாளைக்கு ஆறரை விநாடி தாமதம், மூன்று டிகிரியில் ஏறக்குறைய பதினைந்து விநாடி. வீச்சு மாறாதிருந்தால் இது ஒரு பொருட்டன்று. எண்ணெய் கெட்டியாகி வீச்சு தளரும்போதுதான் நேரமும் தன்னாலே மாறத் தொடங்கும்.

அதைவிடப் பெரிய சத்துரு உஷ்ணம். எஃகுக் கம்பி ஒரு டிகிரி சூட்டுக்கு நீளும் அளவு கண்ணுக்குப் புலப்படாதது. ஆனால் நாளொன்றுக்கு அரை விநாடி என்ற கணக்கிலே கடிகாரம் அதைச் சொல்லிவிடும். சென்னையின் தை மாதத்துக்கும் சித்திரை வைகாசிக்கும் இடையே சராசரி எட்டு டிகிரி வித்தியாசம் இருக்கிறது. அதாவது நாளைக்கு நான்கு விநாடி, மாதத்துக்கு இரண்டு நிமிஷம். பித்தளைக் கம்பியானால் இன்னும் மோசம். 1896-ல் பிரெஞ்சு தேசத்தில் பணிபுரிந்த சுவிட்சர்லாந்துக்காரரான கியோம், இரும்பும் நிக்கலும் கலந்த ‘இன்வார்’ என்ற உலோகம் உஷ்ணத்தால் மிகச் சொற்பமே நீளுவதைக் கண்டு, அதற்காக 1920-ல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு பெற்றார். அந்தக் கம்பி கிடைத்தவர்களுக்கு உஷ்ணத்தைப் பற்றிய கவலை அனேகமாக ஓய்ந்தது. கிடைக்காத நான், நார் நேராக ஓடும் தேக்குக் குச்சியை மும்முறை வார்னிஷ் பூசிப் பயன்படுத்தினேன். மரம் நாரின் போக்கில் எஃகைவிடக் குறைவாகவே நீளுகிறது, கடற்காற்றின் ஈரத்தை வார்னிஷ் தடுக்கிறது.

இந்த உஷ்ணத்தை முற்றும் வென்ற ஒருவருடைய பட்டறையை நினைக்காமல் இந்த அத்தியாயத்தை நான் எழுத முடியாது. இங்கிலாந்தில் ஹம்பர் நதிக்கரையிலே பாரோ என்ற கிராமத்தில், தச்சுத்தொழில் செய்து பிழைத்த ஜான் ஹாரிசன், 1713-ல், தம் இருபதாம் வயதில், சக்கரங்களெல்லாம் மரத்தாலாகிய ஒரு ஊசல் கடிகாரத்தைச் செய்தார். அவருக்குப் பயிற்சி தந்த கடிகாரக் குரு எவரும் இல்லை. மரத்தை அறிந்த கை மட்டும் இருந்தது. சக்கரத்தின் பற்கள் முறியாதபடி, கருவாலி மரத்தின் நார் ஒவ்வொரு பல்லிலும் மையத்திலிருந்து வெளியே ஓடுமாறு துண்டுகளைப் பொருத்தினார். பினியன்களின் கம்பிகள்மேல், இயல்பாகவே எண்ணெய்ப் பசை ஊறிய லிக்னம் விட்டே என்ற கனமான மரத்தினால் சிறு உருளைகளை மாட்டினார். எண்ணெயே இல்லாவிட்டால் எண்ணெய் கெட்டியாவதும் இல்லையல்லவா! அந்த வழியில் அவர் 1720-களின் தொடக்கத்தில் ப்ராக்கில்ஸ்பி என்ற மாளிகையின் லாயத்துக் கோபுரத்துக்குச் செய்துகொடுத்த கடிகாரம் இன்றும் எண்ணெயின்றி ஓடுகிறது.

பின்னர் அவரும் தம்பி ஜேம்ஸும் சேர்ந்து, எஃகும் பித்தளையும் மாறி மாறி நிற்கும் ஒன்பது கம்பிகளால் அடுப்புக் கம்பிச் சட்டம்போன்ற ஒரு ஊசலைக் கட்டினார்கள். எஃகு கீழ்நோக்கி நீளும் அளவுக்குப் பித்தளை மேல்நோக்கி நீண்டு அதை ஈடு செய்துவிட, குண்டு இருந்த இடத்திலேயே நிற்கும். கரங்கள் தாவும் வெட்டுக்கிளியின் கால்களைப் போல் அசைவதால் ‘வெட்டுக்கிளி’ என்று பெயர் பெற்ற விட்டுப்பிடிக்கும் அமைப்பையும் ஹாரிசன் கண்டார். அதில் பல்லும் கரமும் உராய்வதே இல்லை. இத்தனையையும் சோதிக்க அவர்களுக்கு வானத்தை விட்டால் வேறு கடிகாரம் ஏது? சன்னல் விளிம்பையும் பக்கத்து வீட்டுப் புகைபோக்கியையும் ஒரு கோடாகக் கொண்டு, ஒரு குறிப்பிட்ட நட்சத்திரம் அந்தப் புகைபோக்கிக்குப் பின் மறையும் கணத்தை இரவுதோறும் குறித்தார்கள். நட்சத்திரங்கள் ஒவ்வொரு நாளும் 3 நிமிஷம் 56 விநாடி முன்னதாக வந்து மறையும். கடிகாரமும் அதே வித்தியாசத்தைக் காட்டினால் அது சரி. மாதத்துக்கு ஒரு விநாடிக்கு மேல் பிசகவில்லை என்று ஹாரிசன் எழுதிவைத்தார்.

ஊசலை அணுகும் முறையில் இவருக்கும் பின்வந்த பெரும்பாலோருக்கும் ஓர் ஆழ்ந்த கருத்துவேறுபாடு இருந்தது. ஊசலைக் கூடுமானவரை தனியே விட வேண்டும் என்ற கட்சி, 1921-ல் ஷார்ட் என்ற ரெயில்வே எஞ்சினீயர் அமைத்த கடிகாரத்திலே அதன் சிகரத்தை அடைந்தது. அங்கே ஊசல் காற்றகற்றிய உருளைக்குள் தனியே ஆடுகிறது, அரை நிமிஷத்துக்கு ஒரு முறை மட்டும் இலேசான உந்தலைப் பெறுகிறது, சக்கரங்களை ஓட்டும் வேலையை மின்சாரத்தால் இணைந்த வேறொரு கடிகாரம் செய்கிறது. ஹாரிசனோ, இடைஞ்சலை ஒழிக்க முடியாது, ஆகவே ஒரு இடைஞ்சலை மற்றொன்று அழிக்கும்படி அமைக்க வேண்டும் என்றார். இலேசான குண்டையும், மொத்தம் சுமார் 12 டிகிரி அளவுக்குப் பெரிய வீச்சையும் கொண்டார். தம் முதுமையில், 1775-ல் வெளியிட்ட நூலில், இப்படிச் செய்த கடிகாரம் நூறு நாளில் ஒரு விநாடிக்குள் ஓடும் என்றும் எழுதினார். அவரைப் பரிகசித்தார்கள். அவர் கொள்கைப்படி மார்ட்டின் பர்ஜெஸ் என்ற ஆங்கிலக் கைவினைஞர் தொடங்கிப் பல ஆண்டுகளுக்குப் பின் பிறரால் நிறைவேறிய ஒரு கடிகாரம், கிரீனிச்சில் முத்திரையிட்ட பெட்டிக்குள் நூறு நாள் ஓடி, 2015-ல், ஒரு விநாடியில் எட்டில் ஐந்து பங்கு மட்டுமே பிசகியது. இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின் தச்சர் சொன்ன சொல் மெய்யாயிற்று. முதற்கட்சியின் வழியில் கடிகாரம் செய்தவனாக இருந்தும், இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

ஹாரிசனுடைய நட்சத்திரப் பரீட்சையை நானும் செய்து பார்த்தேன். மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவரில் துளையிட்ட தகடு ஒன்றைப் பதித்து, அதன் வழியே எதிர்வீட்டுச் சுவரின் செங்குத்தான விளிம்பை நோக்கினால், அதன்பின் நட்சத்திரம் ஒன்று போய் மறைவது அணைந்ததுபோல் சட்டென்று நிகழ்கிறது. கீழே கூடத்தில் கடிகாரம் துடிப்பது மாடிப்படியின் வழியாகக் கேட்கும்படி கதவுகளைத் திறந்து வைத்திருந்தேன். மறைந்த கணத்திலிருந்து துடிப்புகளை எண்ணிக்கொண்டே படியிறங்கி வந்து, விநாடி முள்ளைப் பார்த்து, எண்ணியதைக் கழித்து நோட்டில் எழுதுவேன். மேகமில்லாத ஒன்பது இரவுகளின் கணக்கில் என் கடிகாரம் நாளொன்றுக்கு ஒன்றேகால் விநாடி பின்தங்குவதாகத் தெரிந்தது.

மரையைத் தொட மனம் வரவில்லை. தொட்டால் ஊசல் நிற்கும், நின்றால் மறுபடி நிலைக்கு வர ஒரு நாளாகும். லண்டன் பார்லிமெண்டின் பிக் பென் கடிகாரத்தை முந்தச் செய்ய, அதன் ஊசல்மேல் பழைய பென்னி நாணயம் ஒன்றை வைப்பார்கள். ஒரு பென்னிக்கு நாளைக்கு 0.4 விநாடி. என்னுடைய ஊசற்கோலின் நடுவிலும் அதற்காகவே ஒரு சிறு தட்டைப் பொருத்தியிருந்தேன். ஆறு கிலோ குண்டுக்கு அந்த இடத்தில் அரை கிராமுக்குச் சற்று மேற்பட்ட எடை ஒரு விநாடியை மீட்டுத்தரும் என்பது கணக்கு. 64 பல் சக்கரத்தை வெட்டிய தகட்டின் மூலையிலிருந்து எழுபது சென்டிகிராம் எடையுள்ள ஒரு துண்டை நகைத் தராசில் நிறுத்து வெட்டி, ஊசல் நடுவே கடந்துபோகும் தருணம் பார்த்து, சிமிட்டாவால் தட்டின்மேல் வைத்தேன். ஊசல் அதை ஏற்றுக்கொண்டு, தாளம் தவறாமல் அடுத்த கோடியை நோக்கிச் சென்றது.